முதலாண்டு மாணவனை ஆட விடலாமா?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் பிறந்தால் ஒரு வழக்கு கிளம்பும். அது கோர்ட்டில் நடக்கும் வழக்கு அல்ல. வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும், முடி வெட்டும் கடையிலும், தொழிற்சாலை வாசலிலும் நடக்கும் வழக்கு!

"இத்தனை நாள் ஆடியவனே ஆடட்டும்" என்பார் தகப்பனார்.

"புதுப் பையனை இறக்கினால்தான் ஜெயிக்கலாம்" என்பான் மகன்.

எதற்கு இந்தச் சண்டை? கல்லூரிக் கால்பந்து அணியில், ஒரே ஓர் இடத்துக்காக! அந்த இடத்தின் பெயர் "குவார்ட்டர்பேக்."

அந்த இடத்தில் ஏற்கனவே ஒரு மாணவன் ஆடி வருகிறான். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் இறக்குவதற்கென்று ஓரத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் முதலாண்டு மாணவன். வயது 18. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சில மாதங்களே ஆகின்றன. அணி தடுமாறத் தொடங்கியதும் ரசிகர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுகிறார்கள்.

அவனை ஆட விடலாமா? கூடாதா?

கேட்பதற்கு வெறும் விளையாட்டுப் பேச்சு போலத் தோன்றும். ஆனால் இதில் இரண்டு இளைஞர்களின் எதிர்காலம் அடங்கி இருக்கிறது.

அது என்ன ஆட்டம்?

அமெரிக்கர்கள் "கால்பந்து" என்று சொல்வது, பந்தைக் காலால் உதைத்துக்கொண்டே ஓடும் ஆட்டம் அல்ல. அங்கே பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கையால் எறிவார்கள். பந்தும் உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூம்பி இருக்கும்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்புகள் உண்டு. அதற்குள் 10 கெஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்புகள். முன்னேறாவிட்டால் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள்.

ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக்கின் கையில். அவன்தான் அணியின் மூளை. பந்தை ஓடுபவனிடம் கொடுக்கலாம். தூரத்தில் நிற்பவனுக்கு எறியலாம். தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். எதைச் செய்வது என்று மூன்று நாலு வினாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரிகள் மலைபோல வந்து மேலே விழுவார்கள். ஒவ்வொருவரும் 100 கிலோவுக்கு மேல் எடை!

மற்ற இடங்களில் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். இந்த இடத்தில் பெரும்பாலும் ஒருவனே ஆடுவான். ஒருவன் உள்ளே வந்தால் மற்றவன் வெளியே போக வேண்டும். அதனால்தான் இத்தனை சண்டை.

இரு கட்சி வாதம்

"வேண்டாம்" என்பவர்களின் வாதம் வலுவானது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள் அவர்கள்.

பள்ளியில் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும், கல்லூரி ஆட்டம் வேறு. எதிரில் நிற்பவர்கள் 21, 22 வயதுக் கட்டுமஸ்தான ஆட்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் கூடுவார்கள். அந்த இரைச்சலில் 18 வயதுப் பையனின் கை நடுங்காதா? ஒரு முறை நம்பிக்கை உடைந்தால் மறுபடி ஒட்டுமா? உடம்பில் அடிபட்டால் யார் பொறுப்பு?

ஒரு காலத்தில் இந்த வாதமே சட்டமாகவும் இருந்தது. முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடப் பல ஆண்டுகள் தடை இருந்தது. முதலில் படிப்பில் காலூன்றட்டும் என்பது அதன் நோக்கம். 1972-ம் ஆண்டில்தான் அந்தத் தடை நீங்கியது.

"வேண்டும்" என்பவர்களும் லேசானவர்கள் அல்ல. "திறமைக்கு வயது ஏது?" என்று கேட்கிறார்கள் அவர்கள். முன்னே வந்தவன் என்பதற்காக ஒருவனுக்கு இடம் கொடுத்தால், நன்றாக ஆடுபவன் எப்போது ஆடுவது? அணியில் இருக்கும் மற்றவர்களும் உழைத்துத்தானே வருகிறார்கள்? அவர்களின் வெற்றியை ஒருவனுடைய மரியாதைக்காகப் பலி கொடுக்கலாமா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே வாதத்தை நிறுத்திவிட்டு, உண்மையில் நடந்ததைப் பார்ப்பதே நல்லது.

அட்லாண்டாவில் அந்த இரவு

2018-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி. அட்லாண்டா நகரில் தேசிய இறுதி ஆட்டம். அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதின.

அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். சாமானியர் அல்ல. அந்த இரவையும் சேர்த்து, இரண்டு ஆண்டுகளில் அவர் தொடங்கி வைத்த 28 ஆட்டங்களில் 26-ல் அலபாமா வென்றது.

ஆனால் அன்று எதுவும் பலிக்கவில்லை. இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. முதல் பாதி முழுவதிலும் ஹர்ட்ஸ் எறிந்து கிடைத்த தூரம் 21 கெஜம் மட்டுமே.

பயிற்சியாளர் நிக் சேபன் ஒரு முடிவுக்கு வந்தார். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, 26 வெற்றிக்காரரை உட்கார வைத்தார். முதலாண்டு மாணவர் ஒருவரை மைதானத்துக்கு அனுப்பினார்!

அவர் பெயர் துவா டாகோவைலோவா. ஹவாய்த் தீவுகளில் பிறந்தவர். இடது கைக்காரர். அதுவரை ஒரு முழு ஆட்டத்தைக்கூடத் தொடங்கி வைத்தது இல்லை.

துவா தவறே செய்யவில்லையா? செய்தார். அவர் எறிந்த ஒரு பந்தை எதிரிகள் பறித்துக்கொண்டார்கள். சேபன் அவரை வெளியே அழைக்கவில்லை. தொடர்ந்து ஆட விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அலபாமா எழுந்தது. ஆட்ட நேரம் முடிந்தபோது இரு அணிகளும் ஆளுக்கு 20 புள்ளிகள்!

கூடுதல் நேரம் தொடங்கியது. ஜார்ஜியா 3 புள்ளிகள் எடுத்தது. பிறகு அலபாமாவின் முறை. முதல் வாய்ப்பிலேயே துவா சிக்கிக்கொண்டார். எதிரிகள் அவரை 16 கெஜம் பின்னால் தள்ளிச் சாய்த்தார்கள். அலபாமா ரசிகர்கள் தலையில் கை வைத்தார்கள்.

அடுத்த வாய்ப்பு. துவா பந்தை வாங்கினார். எதிரிகளை ஒரு பக்கம் பார்க்க வைத்து, மறு பக்கம் நீளமாக எறிந்தார். 41 கெஜ தூரம்! அங்கே ஓடி வந்த டிவோன்டா ஸ்மித் பந்தை ஏந்தி எல்லையைக் கடந்தார். அவரும் ஒரு முதலாண்டு மாணவர்தான். அலபாமா 26, ஜார்ஜியா 23. ஆட்டம் முடிந்தது.

இன்னொரு விசேஷமும் உண்டு. அன்று ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜேக் பிரோமும் முதலாண்டு மாணவரே! மூத்த ஆட்டக்காரர் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயம் அடைந்ததால் அவருக்கு இடம் கிடைத்தது. அவரே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டு வந்து சேர்த்தார்.

அதிர்ஷ்டமா?

"குருட்டு அதிர்ஷ்டம்" என்று சிலர் சொன்னார்கள். அது சரியல்ல.

துவாவை அன்று திடீரென்று கிணற்றில் தள்ளவில்லை. அந்தப் பருவத்தில் அலபாமாவின் வெற்றி உறுதியான ஆட்டங்களில், கடைசிப் பகுதியில் அவரை இறக்கி ஆட வைத்திருந்தார்கள். தோற்றால் குடி முழுகாத நேரத்தில் கற்றுக்கொள்ள விட்டார்கள். தினமும் பயிற்சியில் அவர் எறிவதைச் சேபன் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று அணிக்குத் தேவை, தூரத்துக்குப் பந்தை எறியக்கூடிய ஒரு கை. அந்தக் கை யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பார்வையாளர் கூச்சலைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல அது. பயிற்சி மைதானத்தில் கண்ணால் கண்டதை வைத்து எடுத்த முடிவு.

பாலில்லாத இடத்தில் பொங்கல்

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடிவதில்லை.

2007-ம் ஆண்டில் நோட்டர்டேம் பல்கலைக்கழகம் ஜிம்மி கிளாசன் என்ற முதலாண்டு மாணவரை இறக்கியது. பள்ளியில் பெரும் புகழ் பெற்றவர் அவர். ஆனால் அந்த ஆண்டு அணியே பலவீனமாக இருந்தது. அனுபவசாலிகள் பலர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். குவார்ட்டர்பேக்குக்கு முன்னே நின்று காக்க வேண்டியவர்களால் எதிரிகளைத் தடுக்க முடியவில்லை. கிளாசன் மீண்டும் மீண்டும் தரையில் சாய்க்கப்பட்டார். மிச்சிகனிடம் 38-0 என்று தோல்வி. முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. பருவம் முடிந்தபோது 3 வெற்றி, 9 தோல்வி!

குற்றம் பையன் மேலா? இல்லை. பாலும் அரிசியும் இல்லாத வீட்டில், பொங்கல் வைக்கவில்லையே என்று சமையல்காரனைத் திட்டி என்ன பயன்? அதே கிளாசன் அடுத்த ஆண்டு, 2008 டிசம்பரில், ஹவாய் அணிக்கு எதிராக ஐந்து முறை எல்லைக்குப் பந்தை எறிந்து சேர்த்தார். நோட்டர்டேம் 49-21 என்று வென்றது. பையனிடம் சரக்கு இருந்தது. முதல் ஆண்டில் அவனைக் காக்க ஆள்தான் இல்லை.

துவாவும் உடம்பால் விலை கொடுத்தவரே. 2019 நவம்பரில், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்துடன் ஆடியபோது அவருடைய இடுப்பு மூட்டு பிசகியது. அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது. இத்தனைக்கும் அப்போது அவர் மூன்றாம் ஆண்டு மாணவர். அனுபவசாலிக்கே இந்தக் கதி என்றால், புதியவனை அனுப்பும்போது எத்தனை கவனம் வேண்டும்!

வெளியே உட்கார்ந்தவன்

ரசிகர்கள் அதிகம் நினைத்துப் பார்க்காத ஒருவன் உண்டு. இடத்தை இழந்தவன்!

அட்லாண்டா இரவில் ஹர்ட்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஓரத்தில் நின்று, தன் இடத்தைப் பிடித்தவருக்காகக் கை தட்டினார். ஆனால் மனதில் வலி இல்லாமலா இருக்கும்? அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் வாய் திறந்தார். தன் மனநிலை என்ன என்று இத்தனை மாதமாக யாரும் தன்னிடம் வந்து கேட்கவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு துயரம்! 26 வெற்றி தேடித் தந்த பிள்ளையை, "எப்படி அப்பா இருக்கிறாய்?" என்று கேட்க ஒருவர் இல்லை.

விதியின் விளையாட்டையும் பாருங்கள். 2016-ம் ஆண்டில் இதே ஹர்ட்ஸ்தான் முதலாண்டு மாணவராக வந்து இன்னொருவரின் இடத்தைப் பிடித்தார். இடத்தை இழந்த பிளேக் பார்னெட் அதே மாதத்தில் அலபாமாவை விட்டு வெளியேறினார். ஒருவனுக்குத் திறக்கும் கதவு இன்னொருவனுக்கு மூடுகிறது.

ஹர்ட்ஸ் வெளியேறவில்லை. ஓர் ஆண்டு ஓரத்தில் காத்திருந்தார். 2018 டிசம்பர் 1-ந் தேதி. அதே அட்லாண்டா மைதானம். எதிரியும் அதே ஜார்ஜியா. துவா காயம்பட்டு வெளியே வந்தார். அலபாமா 7 புள்ளிகள் பின்தங்கி இருந்தது. இப்போது ஹர்ட்ஸ் உள்ளே போனார். பந்தை எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ஆட்டம் முடிய சுமார் 1 நிமிடம் இருக்கும்போது, தானே பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்குள் ஓடினார். 35-28. வெற்றி!

மூத்தவரை விரட்டியிருந்தால் அன்று அலபாமாவைக் காப்பாற்றியிருப்பது யார்?

ஹர்ட்ஸ் பட்டம் பெற்றார். பிறகு ஒக்லஹோமாவில் ஓர் ஆண்டு ஆடினார். தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். 2025 பிப்ரவரி 9-ந் தேதி, பிலடெல்பியா அணி "சூப்பர் பௌல்" இறுதி ஆட்டத்தில் 40-22 என்று வென்றது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் ஹர்ட்ஸ்தான்! ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டதோடு ஒருவன் கதை முடிந்துவிடாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆனால் எல்லோரும் காத்திருக்க மாட்டார்கள். 2018 செப்டம்பரில் கிளெம்சன் பல்கலைக்கழகம், கெல்லி பிரையண்ட் என்ற மூத்தவரை நீக்கி, முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்சுக்கு இடம் கொடுத்தது. பிரையண்ட் மனம் கசந்து உடனே விலகினார். அடுத்து வந்த ஆட்டத்திலேயே லாரன்ஸ் காயம் அடைந்தார்! கையில் பழகிய ஆள் இல்லை. மூன்றாவது ஆள்தான் தட்டுத் தடுமாறி 27-23 என்று கரை சேர்த்தார். லாரன்ஸ் குணமாகி வந்து, 15 ஆட்டங்களில் 15 வெற்றியுடன் அணி பட்டம் வென்றது உண்மை. லாரன்சைத் தேர்ந்தெடுத்தது சரியே. ஆனால் மூத்தவர் போனதால் அணி மயிரிழையில்தான் தப்பியது.

பணமும் புகுந்தது

இப்போது இந்தக் கேள்வி முன்னைவிடச் சிக்கலாகி இருக்கிறது.

2018-ம் ஆண்டில் ஒரு நல்ல விதி வந்தது. ஒரு மாணவன் நாலு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அவனுடைய ஓர் ஆண்டு உரிமை கழியாது என்றார்கள். புதியவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க இது வழி செய்தது.

2021-ம் ஆண்டில் இரண்டு மாறுதல்கள் வந்தன. மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் தளர்ந்தது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கின்றன.

விளைவு என்ன? ஆட விடாவிட்டால் புதியவன் மூட்டை கட்டுகிறான். ஆட விட்டால் பழையவன் மூட்டை கட்டுகிறான். 2021-ல் ஒக்லஹோமாவில் ரசிகர்கள் மூத்தவரான ஸ்பென்சர் ராட்லரைக் கேலி செய்து, முதலாண்டு மாணவர் கேலப் வில்லியம்ஸ் வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். அக்டோபர் 9-ந் தேதி டெக்சாசுக்கு எதிராக வில்லியம்ஸ் வந்தார். முதல் பகுதியில் 28-7 என்று பின்தங்கிய அணி, 55-48 என்று வென்றது. கொண்டாட்டம்! ஆனால் அந்தப் பருவம் முடிந்ததும் ராட்லர் போனார். பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் பின்னாலேயே வில்லியம்சும் போனார். கோஷம் போட்டவர்களுக்கு இருவரில் ஒருவரும் மிஞ்சவில்லை!

தீர்ப்பு என்ன?

முதலாண்டு மாணவனை ஆட விடலாமா? விடலாம். வயதைக் காரணம் காட்டித் திறமையைப் பூட்டி வைப்பது நியாயம் அல்ல. ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது: முடிவைப் பயிற்சி மைதானம் சொல்ல வேண்டும். ரசிகர் கூட்டம் சொல்லக் கூடாது. ஓரத்தில் இருப்பவன் எப்போதும் நல்லவனாகவே தெரிவான். ஏனென்றால் அவன் தவறு செய்து யாரும் பார்த்தது இல்லை. அவனைத் தினமும் பார்ப்பவர் பயிற்சியாளர் ஒருவரே. முதலில் சிறு ஆட்டங்களில் இறக்கிப் பழக்கிவிட்டுப் பிறகு பெரிய பொறுப்பைக் கொடுக்க வேண்டும். இறக்கிய பிறகு ஒரு தவறுக்காக உடனே திரும்ப அழைக்கவும் கூடாது.

இரண்டாவது: அவனைக் காக்க முன்னே நல்ல ஆட்கள் இருக்க வேண்டும். அணி ஓட்டைப் படகாக இருக்கும்போது, ரசிகர்களின் கோபத்தைத் தணிப்பதற்காக ஒரு சிறுவனை முன்னே தள்ளுவது பாவம். அடிபடுவது அவன் உடம்பு. அவன் பெற்றோருக்குப் பிள்ளை அவன்.

மூன்றாவது: இடத்தை இழப்பவனிடம் பயிற்சியாளரே நேரில் சொல்ல வேண்டும். பத்திரிகையைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. காரணத்தைச் சொல்ல வேண்டும். அவன் மனதைக் கேட்க வேண்டும். அவனை அணியின் மூத்த பிள்ளையாகவே நடத்த வேண்டும். அப்போதும் அவன் போக விரும்பினால் வாழ்த்தி அனுப்ப வேண்டும்.

கல்லூரி அணி சம்பாதிப்பதற்காக மட்டும் ஏற்பட்டது அல்ல. பிள்ளைகளை மனிதர்களாக்குவதற்காகவும் ஏற்பட்டது. சனிக்கிழமை பிற்பகலில் கிடைக்கும் வெற்றி, அடுத்த சனிக்கிழமை மறந்து போகும். 18 வயதில் ஒருவனைத் தாங்கிப் பிடித்த கையும், 20 வயதில் ஒருவனை ஒதுக்கித் தள்ளிய கையும் ஆயுள் முழுவதும் மறக்காது.

இளையவன் ஆடட்டும். மூத்தவன் தலை நிமிர்ந்து பக்கத்தில் நிற்கட்டும். இரண்டையும் செய்யத் தெரிந்தவரே நல்ல பயிற்சியாளர்.